அலுமாரியின் மேல் ஒரு கமரா

என் மகளின் நிகாஹ் நடந்த நாளுக்குக் குறிப்புப் புத்தகத்தில் ஒன்றரைப் பக்கம் எழுதியிருக்கிறேன். அதன் நடுவில் இந்த வரிகள் இருக்கின்றன:

'பி.ப. 4.20: சாட்சிகள் இருவருடன் மகளின் அறைக்குள் போனேன். 4.21: சம்மதம் கேட்டேன். பதில் இல்லை. 4.25: இரண்டாம் முறை கேட்டேன். ஓம் என்றாள்.'

இந்த வரிகளோடு ஏழு மாதம் இருந்தேன். யாரிடமும் காட்டவில்லை.

எங்கள் வழக்கத்தில் நிகாஹ் பள்ளிவாசலில் நடக்கும்போது மணமகள் அங்கே இருப்பதில்லை. அதற்கு முன்பே தகப்பன் இரண்டு சாட்சிகளுடன் அவள் இருக்கும் அறைக்குப் போய், இன்னாருடைய மகன் இன்னாருக்கு, மாப்பிள்ளை தரும் இன்ன மஹருக்கு உன்னை நிகாஹ் செய்து கொடுக்கச் சம்மதமா என்று கேட்க வேண்டும். அவள் சம்மதித்த பிறகுதான் தகப்பன் பள்ளிக்குப் போய் மாப்பிள்ளையின் கையைப் பிடிப்பான். மற்றவர்களுக்கு அது ஒரு சடங்கு. எனக்கு அது ஒரு நிஜமான கேள்வியாக இருந்தது. அதற்குக் காரணமும் இருந்தது.

சம்பந்தம் வந்தபோது மகள் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் கடைசி வருடம். மாப்பிள்ளை வண்ணாத்திவில்லுப் பக்கம் மரமுந்திரிகைத் தோட்டம் செய்கிறவர், நல்ல பிள்ளை. மகளிடம் கேட்டேன். "ஒங்கட விருப்பம் வாப்பா" என்றாள். என் மனைவி அதை ஓம் என்று எடுத்துக்கொண்டாள். நான் அதை எந்தப் பக்கமும் எடுக்கவில்லை. நிகாஹ் நாளில் நேராகக் கேட்போம், அன்று அவள் முகம் சொல்லிவிடும் என்று நினைத்தேன். அந்த நாளும் வந்தது, கேட்டேன், நான்கு நிமிடம் அவள் பேசவில்லை.

நான் பாலாவிப் பக்கம் ஒரு உப்பளத்தில் எழுதுவினைஞராக இருந்தவன். பாத்திகளில் உப்பு விளைகிற காலத்தில் ஒரு மழை எத்தனை மணிக்குத் தொடங்கி எத்தனை மணிக்கு விட்டது என்பது பெரிய செய்தி. அதை எழுதி எழுதி, வீட்டிலும் எல்லாவற்றையும் மணியோடு எழுதும் பழக்கம் வந்துவிட்டது. மகளுக்கு முதல் பல் விழுந்தது ஒரு செவ்வாய், காலை 7.15. போர் முடிந்த செய்தியைக் கேட்டபோது நான் எடையறையில் நின்றேன் என்பதும் எழுதியிருக்கிறது. ஆகவே நான்கு நிமிடம் என்று நான் எழுதினால் அது நான்கு நிமிடம்தான் என்று நம்பினேன்.

அந்த வருடங்களில் நான் சினிமா பற்றிய புத்தகங்களை வாசித்துக்கொண்டிருந்தேன். கொழும்பில் ஒரு பழைய புத்தகக் கடையில் மழைக்கு ஒதுங்கியபோது வாங்கியவை. படங்கள் நான் அதிகம் பார்த்ததில்லை. மீன் பிடிக்காதவன் வலை பின்னும் முறையை வாசிப்பது போலத்தான். ஆனால் வாசிக்க வாசிக்க, எங்கள் ஊர்க் கலியாண வீடியோவில்கூட அந்த விஷயங்கள் எல்லாம் இருப்பது தெரிந்தது. இரண்டு காட்சித் துண்டுகளை ஒட்டும்போது இரண்டிலும் இல்லாத மூன்றாவது ஒன்று பார்ப்பவன் மனதில் உண்டாகிறது என்று ஒரு புத்தகம் சொன்னது. ருஷ்ய நாட்டில் ஒருவர் செய்த சோதனையும் அதில் இருந்தது. அசையாத ஒரே முகத்தை ஒரு கோப்பை சூப்புக்குப் பிறகு காட்டினால், ஆள் பசியோடு இருக்கிறார் என்கிறார்களாம். அதே முகத்தை ஒரு சவப்பெட்டிக்குப் பிறகு காட்டினால், என்ன துக்கம் பாருங்கள் என்கிறார்களாம்.

கலியாண வீடியோ எடுத்தது என் மனைவியின் தம்பி. கல்பிட்டியில் ஸ்டூடியோ வைத்திருக்கிறான். ஆண்கள் பக்கத்தை அவன் எடுத்தான். பெண்கள் இருக்கிற அறைக்குள் அவன் போக முடியாது என்பதால், அங்கே அவன் மனைவி இரண்டாவது கமராவோடு நின்றாள். 'அடுத்த கிழமை, இன்ஷா அல்லாஹ்' என்று இருபத்தெட்டுக் கிழமை சொல்லிவிட்டு, ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு டீவீடியைக் கொண்டுவந்தான்.

வீட்டில் பக்கத்துப் பெண்கள் எல்லாம் கூடிவிட்டார்கள். மகளும் மருமகனும் அன்று வரவில்லை. படத்தில் மாப்பிள்ளை பள்ளிவாசலில் உட்கார்ந்தபடி வலப்பக்கம் திரும்பிப் பார்த்தார். அடுத்த துண்டில் மகள் அறையில் இருந்து மெல்ல முகத்தை நிமிர்த்தி இடப்பக்கம் பார்த்தாள். பிறகு மாப்பிள்ளை சிரித்தார்.

"அல்லாவே, கலியாணத்துக்கு முன்னமே கண்ணால பேசிட்டாங்க!" என்றாள் ஒருத்தி.

"எப்பிடிப் பேசுற? மாப்பிள இருந்தது பள்ளியில. இவ இருந்தது இஞ்ச. நடுவுல அரைக் கட்ட தூரம், ரெண்டு மதில் வேற," என்றாள் என் மனைவி.

"மாப்பிளைக்குக் கண் பார்வை நல்லம் போல!"

வீடே சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்தது, புத்தகத்தில் படித்தது கண் முன்னால் நடக்கிறதே என்று. ஒருவர் வலப்பக்கமும் மற்றவர் இடப்பக்கமும் பார்த்தால் போதும், நடுவில் உள்ள மதில்களை நாமே எடுத்துவிடுகிறோம்.

அதற்குப் பிறகு வந்தது என் காட்சி. நான் சாட்சிகளோடு அறைக்குள் போவது வெளியே இருந்து தெரிகிறது. உடனே என் குரல்: "மகள், சம்மதமா?" உடனே அவள் குரல்: "ஓம் வாப்பா." அடுத்து பள்ளிவாசல்.

என் சிரிப்பு நின்றுவிட்டது. பெண்கள் "பாருங்க, டக்கெண்டு செல்லிட்டாள்" என்று மகிழ்ந்தார்கள். நான் எழுந்து வெளியே போனேன். நான்கு நிமிடத்தை மைத்துனன் வெட்டி எறிந்திருந்தான். நான் முதலில் கேட்ட கேள்வியையும், இரண்டாம் முறைக்கு வந்த பதிலையும் ஒட்டியிருக்கிறான் என்று நினைத்தேன். இனி என் பேரப்பிள்ளைகள்கூட அதைத்தான் நடந்ததாக நம்புவார்கள்.

மறுநாள் காலை பத்து மணிக்கு ஸ்டூடியோவுக்குப் போனேன். மைத்துனன் கணினிக்கு முன்னால் வேறு யாருடைய கலியாணத்தையோ வெட்டிக்கொண்டிருந்தான். அவன் மனைவி மேசையோரம் இருந்து அடையாள அட்டைப் படங்களைக் கத்தரித்துக்கொண்டிருந்தாள்.

"மச்சான், நாலு நிமிசத்தக் காணல்ல," என்றேன்.

"என்ன நாலு நிமிசம்?"

"நான் கேட்டதுக்கும் மகள் ஓம் செல்லினதுக்கும் நடுவுல இருந்த நாலு நிமிசம்."

"உப்பளத்துல மழை பாத்த பழக்கம் இன்னும் ஒங்களுக்குப் போகல்ல. கதிரையில இரிங்க மச்சான், டீ குடிப்பம்."

"பகிடி இல்ல. நீங்க அத வெட்டினது பிழை."

அவன் திரும்பி உட்கார்ந்தான். "மகள் பொறந்து இருவத்திமூணு வருசம். அவ்வளவத்தையும் வெட்டிட்டுத்தான் ஒரு நாளப் போட்டீக்கிறன். அந்த நாளையும் வெட்டி ரெண்டு மணித்தியாலம் ஆக்கினேன். அதுக்கெல்லாம் ஒண்டும் செல்லல்ல. இந்த நாலு நிமிசத்துக்கு மட்டும் காலையிலயே வந்துட்டீங்க."

அவன் சொன்னதும் சரிதான். எல்லாக் கதையும் வெட்டித்தான் கதையாகிறது. ஆனால் எனக்கு அன்று வாதம் வேண்டியிருக்கவில்லை.

"மத்ததெல்லாம் வேற மச்சான். இது ஒரு பிள்ள யோசிச்ச நேரம். அவ யோசிச்சத வெட்டினா அவட மனசையே வெட்டின மாதிரி."

கத்தரிக்கோல் சத்தம் நின்றது. "நானா, ஆரு யோசிச்ச?" என்றாள் மைத்துனன் மனைவி. அண்ணன் முறையில் அவள் என்னை நானா என்றுதான் கூப்பிடுவாள்.

"மகள்தான்."

அவள் புருஷனைப் பார்த்தாள். அவன் கூரையைப் பார்த்தான். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "அதப் போட்டுக் காட்டுங்களன்," என்றாள். "நானா எத்தன மாசமா இத மனசுல வெச்சுக்கிட்டு ஈக்கிறாரோ."

"ஒங்கட மரியாதைக்காகத்தான் மச்சான் வெட்டின," என்று முணுமுணுத்தபடி அவன் பழைய பதிவைத் தேடி எடுத்தான்.

அந்தக் காட்சியை யாரும் எடுக்கவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். சாட்சிகளில் ஒருவர் அங்கிருந்த பெண்களுக்கு அந்நிய ஆண். ஆண்கள் வருகிறார்கள் என்றதும் பெண்கள் எல்லோரும் திரைச்சீலைக்குப் பின்னால் போனார்கள். மைத்துனன் மனைவியும் ஓடிக்கொண்டிருந்த கமராவை அலுமாரியின் மேல் வைத்துவிட்டு அவர்களோடு போய்விட்டாள். அது யாருக்காகவும் திரும்பாமல், யாரையும் கிட்டப் போய்ப் பார்க்காமல் அங்கேயே இருந்தது. கமராவுக்கு மனம் இல்லை, இருக்கும் இடம் மட்டும் உண்டு என்று என் புத்தகம் ஒன்றில் வாசித்திருந்தேன். அன்று அதற்கு இடத்தைக் கொடுத்தது எங்கள் வழக்கம்.

திரையில் முதலில் ஒரு தொப்பி தெரிந்தது. அது நான்தான். என் உச்சியை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. தொப்பி சற்று இடப்பக்கம் சரிந்திருந்தது. கட்டிலில் மகள். இரண்டு பக்கமும் சாட்சிகள். தொப்பிக்காரர் சட்டைப் பையிலிருந்து குறிப்புப் புத்தகத்தை எடுத்தார். வாசித்தார். முதலில் ஹிஜ்ரித் திகதி, பிறகு ஆங்கிலத் திகதி, கிழமை, நேரம், ஊர். மாப்பிள்ளையின் பெயர், தகப்பன் பெயர், மஹர். சாட்சிகள் இருவரின் பெயர், அவர்களின் தகப்பன்மாரின் பெயர். புத்தகத்தை மூடினார். நின்றார்.

அவ்வளவுதான். கேள்வி வரவில்லை.

நான் திரைக்குக் கிட்டப் போனேன். மின்விசிறி சுற்றுகிறது. மகள் தலையை உயர்த்தித் தொப்பிக்காரரைப் பார்க்கிறாள். பிறகு அவர் கையில் உள்ள புத்தகத்தைப் பார்க்கிறாள். திரும்பவும் அவரைப் பார்க்கிறாள். ஒரு சாட்சி காதைச் சொறிகிறார். மற்றவர் இருமுகிறார். திரைச்சீலைக்குப் பின்னால் ஒரு கிண்ணம் விழுகிறது. தொப்பிக்காரர் அசையவில்லை. அவர் மகளின் பதிலுக்காகக் காத்திருக்கிறார். மகள் அவருடைய கேள்விக்காகக் காத்திருக்கிறாள்.

கடைசியில் தொப்பிக்காரர் குனிந்து, "மகள், சம்மதமா?" என்றார். அவர் அந்தச் சொல்லை முடிப்பதற்குள் "ஓம் வாப்பா" என்றாள் அவள்.

திரையின் மூலையில் ஓடிய நேரத்தைப் பார்த்தேன். இடையில் இருந்தது இரண்டு நிமிடம் நாற்பது செக்கன். நான்கு நிமிடமும் இல்லை.

"இன்னொருக்காப் போடுங்க," என்றேன். மூன்று முறை போட்டான். மூன்று முறையும் நான் ஒரு முறைதான் கேட்டேன்.

எப்படி நடந்தது என்று யோசித்தால் விளங்குகிறது. முதல் நாளே எல்லாவற்றையும் புத்தகத்தில் எழுதி வைத்திருந்தேன், ஒரு பெயரும் பிழைக்கக்கூடாது என்று. கேள்வியை எழுதவில்லை. அதை யாராவது மறப்பார்களா? பக்கம் முடிந்ததும் கேட்டுவிட்டதாகவே என் மனம் எடுத்துக்கொண்டது. அன்று பின்னேரம் குறிப்பு எழுதும்போது '4.21: சம்மதம் கேட்டேன்' என்று நடக்காத ஒரு துண்டை நானே இடையில் ஒட்டினேன். அதன் பின்னால் பேசாமல் இருந்த மகளின் முகத்தை வைத்தேன். அந்த முகத்தில் ஏழு மாதமாகத் தயக்கத்தையும் துக்கத்தையும் பார்த்துக்கொண்டிருந்தேன். ருஷ்யர் செய்த சோதனையைப் பாடமாக்கியவனுக்கு இது தோன்றவில்லை.

"டீ ஆறுது மச்சான்," என்றான் மைத்துனன். இரண்டு கோப்பை குடித்தேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை மகளும் மருமகனும் ஒரு பை மரமுந்திரிகைக் கொட்டையோடு வந்தார்கள். மருமகன் பின்னேரத் தொழுகைக்குப் பள்ளிக்குப் போன நேரத்தில் நான் குறிப்புப் புத்தகத்தைத் திறந்து அந்த வரிகளை மகளிடம் காட்டினேன். அவள் வாசித்தாள். கண்களை விரித்து என்னைப் பார்த்தாள்.

"வாப்பா, நீங்க இன்னொரு பக்கம் வாசிக்கப் போறீங்கண்டு நான் பாத்துக்கிட்டு இருந்தன்! மாப்பிளட மூத்தவாப்பாட பேர், தோட்டத்துல எத்தன மரம், அதெல்லாம் இன்னும் வரும் எண்டு நெனச்சேன்."

"நீயாவது ஓம் எண்டு செல்லியிருக்கலாமே மகள்?"

"கேக்காம எப்பிடிச் செல்லுற? சனம் சிரிக்கும், பொண்ணுக்கு என்ன அவசரம் எண்டு."

நான் புத்தகத்தை மூடினேன். பிறகு மற்றதையும் கேட்டேன். "அதுக்கு முன்னம் நான் வீட்டுல கேட்ட நேரம், ஒங்கட விருப்பம் எண்டியே."

அவள் வாசல் பக்கம் ஒரு முறை பார்த்தாள். "அது நீங்க மாப்பிளட போட்டோவக் காட்ட முன்னம் கேட்டது. போட்டோவப் பாத்த பொறகு நீங்க கேக்கவே இல்லியே. உம்மாட்ட ஓம் எண்டு செல்லிட்டேன்."

குசினியில் இருந்து என் மனைவி, "நான் அண்டைக்கே செல்லினேன்தானே, இவர்தான் எழுதிக்கிட்டே இருந்தார்," என்றாள்.

பழைய வரிகளை நான் அழிக்கவில்லை. அழிக்கும் பழக்கம் எனக்கு இல்லை. பக்கத்தின் ஓரத்தில் அன்றைய கிழமையையும் நேரத்தையும் போட்டு, 'ஒரு முறைதான் கேட்டேன். உடனே ஓம் என்றாள். பார்த்தது: அலுமாரியின் மேல் இருந்த கமரா' என்று எழுதினேன்.

மைத்துனன் வெட்டியது சரி, அப்படியே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன். ஆனால் மகள் விடவில்லை. அந்த இரண்டு நிமிடம் நாற்பது செக்கனும் தனக்கு வேண்டும் என்று பிடிவாதமாக நின்று, டீவீடியின் கடைசியில் தனியாகச் சேர்த்து வாங்கிக்கொண்டாள். இப்போது பெருநாளுக்கு எல்லோரும் கூடினால் கலியாணத்தை யாரும் கேட்பதில்லை. "வாப்பாட துண்டப் போடுங்க," என்கிறார்கள். நானும் கதிரையை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு உட்காருவேன். தொப்பி சரிந்த அந்த மனிதர் புத்தகத்தை மூடிவிட்டு நிற்கிறபோது வீடு முழுவதும், மருமகனும் சேர்த்து, "கேளுங்க!" என்று கத்தும்.