தொண்ணூறு அடி ஆழத்தில் ஒரு விஷமுள்

துறைமுகத்தில் அவளை எல்லோரும் முக்குளி என்றுதான் கூப்பிட்டார்கள். படகுகளுக்கு அடியில் மூழ்கி, ஒட்டியிருக்கும் சிப்பிகளைச் சுரண்டி எடுப்பது அவள் பிழைப்பு. பதினாறு வருடமாக அதே கடல். அதனால் பவளப்பாறைகளில் குஞ்சு மீன்கள் குறைந்துகொண்டே வருவது அவள் கண்ணில்தான் முதலில் பட்டது. காரணமும் பட்டது. உடம்பெல்லாம் வரி, விசிறி போல விரிந்த செட்டை, முதுகில் விஷமுள். சிங்கமீன். யாரோ கண்ணாடித் தொட்டியில் அழகுக்கு வளர்த்து, அலுத்துப்போய்க் கடலில் விட்டிருக்க வேண்டும். இந்தக் கடலில் அதைத் தின்ன எதுவும் இல்லை. அது விட்டுவைக்கும் குஞ்சும் இல்லை.

"அப்போ நாமதான் தின்னணும்" என்றான் சாப்பாட்டுக்கடை வைத்திருந்த அவள் கணவன். விஷம் முள்ளில்தான், சதையில் இல்லை. கத்தரிக்கோலால் முள்ளை நறுக்கி எறிந்துவிட்டு, மீனைப் பொரித்து வைத்தான். யாரும் தொடவில்லை. "முதல்ல நீ தின்னுட்டு ஒரு மணி நேரம் உக்காருப்பா, பார்ப்போம்" என்றார் ஒருவர். அவர் எதிரிலேயே மூன்று துண்டைத் தின்றுவிட்டு, கடிகாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். அதற்குப் பிறகு கடையில் மீன் மிஞ்சியதில்லை.

முக்குளிக்குத் துணையாக மூழ்கியவள் அவள் நாத்தனார், பள்ளியில் நீச்சல் டீச்சர். கை வேகம் அதிகம், பொறுமை கம்மி.

அன்று காலை தொண்ணூறு அடியில் ஏழு மீன் பிடித்திருந்தார்கள். எட்டாவதை நாத்தனார் ஈட்டியில் குத்தி டப்பாவுக்குள் தள்ளும்போது மீன் துள்ளியது. கையுறையைத் துளைத்து முள் அவள் விரலில் இறங்கியது. குமிழிகள் கொத்தாகக் கிளம்பின. அடுத்த நொடி அவள் மேலே பாய்ந்தாள்.

அந்த ஆழத்திலிருந்து ஒரே மூச்சில் மேலே போனால் கை கால் விழுந்துவிடலாம், உயிரே போகலாம். முக்குளி எட்டி அவள் கணுக்காலைப் பிடித்தாள். முகத்தில் ஒரு உதை விழுந்தது. முகமூடிக்குள் தண்ணீர் புகுந்து கண் மறைந்தது. பிடியை மட்டும் விடவில்லை. தடவித் தடவி நாத்தனாரின் தோள் வாரைப் பற்றிக்கொண்டு, அவளோடு மெதுவாக மேலேறினாள்.

ரத்தத்தில் கரைந்த காற்று மெல்ல வெளியேற, பதினைந்து அடியில் மூன்று நிமிடம் நின்றாக வேண்டும். நங்கூரக் கயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள். பதற்றத்தில் இழுத்து இழுத்து நாத்தனாரின் காற்று தீர்ந்துபோயிருந்தது. முக்குளி தன்னுடைய உதிரிக் காற்றுக்குழாயை அவள் வாயில் திணித்தாள். இப்போது ஒரு சிலிண்டர், இரண்டு பேர். தலைக்கு மேலே படகின் அடிப்பாகம் தெரிந்தது. நாத்தனார் அதைக் காட்டிக் காட்டித் திமிறினாள். முக்குளி ஒரு கையால் அவளை இறுக்கிக்கொண்டு, மறு கையின் விரல்களை அவள் கண் முன் ஒவ்வொன்றாக மடக்கினாள். மறுபடி விரித்து மறுபடி மடக்கினாள். நூற்று எண்பது வரை.

படகில் ஏறியதும் விஷத்தின் வலி அடங்க, படகோட்டி ஃபிளாஸ்க்கிலிருந்து வெந்நீரை வாளியில் ஊற்றிப் பதமாக விளாவினார்.

"கையை வெட்டிடுங்க அண்ணி!"

"வெட்டிட்டா ஸ்கூல்ல யாரு நீச்சல் அடிச்சுக் காட்டுறது? உள்ள வை கையை."

அன்று சாயங்காலம் வீங்கிய கையோடு நாத்தனார் அண்ணனிடம் போய் நின்றாள். "வலியில உயிர் போகுது, உன் பொண்டாட்டி என்னை மேல விடல!"

கணவன் முகம் சிவந்தது. "போதும். இனி யாரும் கடலுக்குப் போக வேணாம்." முக்குளி உதைபட்ட கன்னத்தில் ஈரத்துணியை ஒத்திக்கொண்டாள். அது வீங்கியிருந்ததால் பேசுவதே கஷ்டமாக இருந்தது.

நான்காம் நாள் கட்டு மாற்றிய டாக்டர், எவ்வளவு ஆழம், எப்படி மேலே வந்தாய் என்று கேட்டார். நாத்தனார் கோபத்தோடே சொல்லி முடித்தாள். டாக்டர் கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். "பிடிக்காம விட்டிருந்தா நீ இங்க நடந்து வந்திருக்க மாட்டேம்மா."

அங்கிருந்து நேராக அண்ணி வீட்டுக்கு வந்தாள். கதவோரம் நின்றபடியே டாக்டர் சொன்னதைச் சொன்னாள்.

"அண்ணி, உதைச்சேனே... பல்லு ஏதாச்சும் ஆடுதா?"

"ஒண்ணு ஆடுது."

நாத்தனாருக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. உள்ளே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த கணவன் அடுப்பை அணைத்துவிட்டு வெளியே வந்தான்.

ஐந்தாவது வாரம், தடித்த கையுறைகளோடு இருவரும் மறுபடி இறங்கினார்கள். மேலே காத்திருந்த படகில், படகோட்டிக்குப் பக்கத்தில், நீச்சலே தெரியாத கணவன் உயிர்காப்பு உடுப்போடு உட்கார்ந்து தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தான்.