தில்லைக் கூத்தனிடம் ஒரு மேல்முறையீடு

பொறியியல் கலந்தாய்வு வழிகாட்டுக் குறிப்பில் தெளிவாகவே இருக்கிறது: விண்ணப்பத்தில் மாணவரின் சொந்தக் கைபேசி எண்ணைத்தான் கொடுக்க வேண்டும், எந்தெந்தக் கல்லூரி, எந்த வரிசையில் என்பதை மாணவரே தீர்மானிக்க வேண்டும். பணிக்காலம் முழுவதும் அரசு அலுவலகத்தில் விதிகளோடு குடித்தனம் செய்தவன் நான். என் வீட்டிலேயே அந்த விதி செல்லவில்லை.

எங்கள் பக்கம் பெண்பிள்ளைக்குக் காது குத்த மாமன் மடி வேண்டும். சடங்குக்கு மாமன் சீர் வேண்டும். கல்லூரி விண்ணப்பமும் தாய்மாமன் கையால்தான் தொடங்க வேண்டும் என்றாள் என் மனைவி. அவள் தம்பி சிதம்பரத்திலிருந்து திருப்பாதிரிப்புலியூரில் எங்கள் வீட்டுக்கு வந்து, தன் கைபேசி எண்ணையே பதிந்துவிட்டுப் போனார். அன்று நான் ஓய்வூதியத்துக்காக, உயிரோடு இருப்பதை நிரூபிக்கக் கருவூலத்துக்குப் போயிருந்தேன்.

தேன்மொழி எங்களுக்குத் தாமதமாகப் பிறந்த ஒரே மகள். மழைக்கு மழை கடலூர் ஏன் முழுகுகிறது என்று கேட்டுக்கொண்டே வளர்ந்தவள். கட்டுமானப் பொறியியல்தான் வேண்டும் என்று முடிவு செய்து, கோயம்புத்தூர் முதலில், சென்னை அடுத்து என யோசித்து வரிசை போட்டு வைத்திருந்தாள். மச்சான் தன் கைபேசி வழியே தளத்துக்குள் நுழைந்து அத்தனையையும் நீக்கினார். பஸ்ஸில் போய்ப் பொழுது சாய்வதற்குள் திரும்பக்கூடிய கல்லூரிகளாகப் பார்த்து அடுக்கினார். அதைப் படம் பிடித்துப் பெருமையாக வாட்ஸ்அப்பிலும் அனுப்பினார். அவருக்குக் கல்யாண வயதில் ஒரு மகன் இருக்கிறான். அதைப் பற்றி அவர் பேசவில்லை. பேச வேண்டிய அவசியமும் இல்லை.

வரிசையைத் திருத்த அவர் கைபேசிக்கு வரும் ரகசிய எண் வேண்டும். எண்ணை மாற்றித் தரும்படி உரிய இணைப்புகளோடு கலந்தாய்வு அலுவலகத்துக்கு மனு அனுப்பினேன். பதில் இல்லை. உதவி எண்ணில் பாட்டுப் போட்டார்கள். கடைசி நாள் வந்தது. மாலையில் தளம் பூட்டிக்கொள்ளும். தேன்மொழி சாப்பிடாமல் கணினி முன்னால் உட்கார்ந்திருந்தாள். நான் சிதம்பரத்துக்குப் பஸ் ஏறினேன்.

"நீங்க ரூல் பேசறீங்க மாமா. நான் மானத்தப் பேசறேன்" என்றார் மச்சான். கைபேசியைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

பதில் சொன்னால் கை ஓங்கிவிடுவேன் என்று பயந்து வெளியே நடந்தேன். கால்கள் கோயிலுக்குள் கொண்டுபோய் விட்டன. பணியில் இருந்தவரை திருவிழா பந்தோபஸ்து கூட்டங்களுக்காகத்தான் கோயில் வாசலை மிதித்திருக்கிறேன். அன்று கனகசபைக்கு எதிரே நின்று கும்பிடவில்லை. சண்டை போட்டேன். எல்லா வாசலும் தட்டியாயிற்று, உனக்கு மேலே அலுவலகம் கிடையாது, இன்றைக்கே உத்தரவு போடு என்றேன். பக்கத்தில் நின்ற ஓர் அம்மா நகர்ந்து நின்றார். கண்ணீர் வந்தது. கோபம் மட்டும் குறையவில்லை.

விட்டுவந்த பையை எடுக்க மச்சான் வீட்டுக்குத் திரும்பினேன். குளித்துவிட்டு வந்து அவர் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தார். அவர் மனைவி செல்வி, அவருடைய கைபேசியோடு வாசலில் நின்றாள். ஒருநாளும் என் எதிரில் உரக்கப் பேசாதவள்.

"அண்ணே, பாப்பாவ சைட்டுக்குள்ள போவச் சொல்லுங்க. நம்பர் நான் சொல்றேன்."

"ஏய், குடு அத" என்று எழுந்தார் மச்சான்.

"எனக்கும் காலேஜில எடம் கெடச்சிது. ஒங்களுக்குக் கட்டிக் குடுக்கணும்னு எங்கப்பா அனுப்பல. அவ போவட்டும்."

மச்சான் டிவி பக்கம் திரும்பிக்கொண்டார். நான் வீட்டுக்கு அழைத்தேன். செல்வி எண்களை ஒவ்வொன்றாக, நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். மறுமுனையில் தேன்மொழி தட்டினாள். தளம் பூட்டுவதற்குள் வரிசை அவளுடையதாகிவிட்டது.

இதைத் தற்செயல் என்று கோப்பில் எழுதி மூட எனக்குத் தெரியும். மூடமாட்டேன். செல்விக்கு அந்த நேரத்தில் வாய் திறந்தது யாரால் என்று எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும். மச்சான் இன்னும் என்னோடு பேசுவதில்லை. நான் திங்கட்கிழமைதோறும் தில்லைக்குப் போகிறேன், நன்றி சொல்ல. சில நாள் சண்டை போடவும்.

அன்பர்களே, மனம் அமைதியானபின் போகலாம் என்று காத்திருக்காதீர்கள். கோபத்தோடே போங்கள். அங்கே இணைப்புகள் கேட்பதில்லை.

தேன்மொழி கோயம்புத்தூரில் விடுதியில் சேர்ந்துவிட்டாள், வகுப்புகளும் தொடங்கிவிட்டன. கைபேசி எண்ணை மாற்றக் கோரிய என் மனு பரிசீலனையில் இருப்பதாக அலுவலகத்திலிருந்து பதில் வந்தது, ஆவணி மாதக் கடைசி வெள்ளிக்கிழமை.