கழுவி நிறுத்திய வண்டி

பழைய சைக்கிள் டியூபைச் சுற்றிக் கட்டிய ஒரு செங்கல். அக்காவை நினைத்தாலே முதலில் அதுதான் கண்ணுக்கு முன் வருகிறது. எங்கள் ஊரில் வெண்ணாற்றுப் பாலம் இறங்குகிற இடத்தில் சாலை சரிவாக இருக்கும். அங்கே தள்ளுவண்டியை நிறுத்தினால் சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்தே ஆக வேண்டும். வெறும் கல்லை வைத்தால் சக்கரம் ஏறி நொறுக்கிவிடும் என்று அக்கா டியூபைக் கிழித்துக் கல்லைச் சுற்றி இறுக்கிக் கட்டியிருந்தார். வண்டியைக் கொண்டுவந்ததும் இடுப்பால் அதைத் தாங்கிக்கொண்டு, காலால் அந்தக் கல்லைச் சக்கரத்துக்கு அடியில் தள்ளுவார். கை படாது. அந்தச் சத்தம் கேட்ட பிறகுதான் நான் என் டீ வண்டியில் அடுப்பைப் பற்றவைப்பேன்.

அக்கா எனக்கு உறவு இல்லை. பக்கத்து வண்டிக்காரர், அவ்வளவுதான். என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவர். பாலத்தடியில் நிற்கிற எல்லோருக்கும் அவர் அக்காதான். வண்டியின் முகப்பில் ஒரு மாதா படம் ஒட்டியிருக்கும். இரண்டு பெரிய அலுமினியக் குண்டான்களில் புளிச்சோறும் தயிர்ச்சோறும், ஒரு வாளியில் துவையல். இவ்வளவுதான் வியாபாரம். நான் கூச்சப்படுகிற ஆள். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். நாலு பேர் நிற்கிற இடத்தில் எனக்குப் பேச்சு வராது. டீ கேட்டால் கொடுப்பேன். எனக்கும் சேர்த்து அக்காதான் பேசுவார். "தம்பிகிட்ட கேளுங்கடி, டீ நல்லாருக்கும். ஆனா கேட்டாத்தான் குடுக்கும், வாயத் தொறந்து கூப்பிடாது" என்பார். பெண்கள் சிரிப்பார்கள். நான் பாலைக் கிண்டிக்கொண்டே தலையைக் குனிந்துகொள்வேன்.

அந்தப் பெண்கள் நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிறவர்கள். மெஷின் நடவு வந்த பிறகு உள்ளூரில் வேலை குறைந்துவிட்டது. மெஷின் இறங்க முடியாத வயல்களைத் தேடித் தொலைதூரம் போகிறார்கள். அவர்களை ஏற்றிப்போக லோடு ஆட்டோ பாலத்தடிக்கு விடியும்போதே வந்துவிடும். அதற்கு முன்னால் எழுந்து, பிள்ளைகளுக்கும் வைத்து, தனக்கும் சோறு கட்டிக்கொண்டு வர எல்லோராலும் முடியாது. அதனால் வெறும் தூக்குவாளியோடு வருவார்கள். அக்கா அதில் சோற்றை அமுக்கி நிரப்பி, மூடியில் துவையலை வைத்துக் கொடுப்பார். அங்கே நின்று சாப்பிடுகிறவர் ஒருவரும் கிடையாது. அதனால் அக்கா தட்டும் வைத்துக்கொள்ளவில்லை, பெஞ்சும் வைத்துக்கொள்ளவில்லை. வெயில் ஏறுவதற்குள் குண்டானைச் சுரண்டி முடித்துவிட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்விடுவார். அதற்கப்புறம் அந்த இடத்தைப் பார்க்கிறவனுக்கு, அங்கே ஒரு சோற்று வண்டி நின்றது என்று எப்படித் தெரியும்?

தெரியவில்லை. அதுதான் நடந்தது. நகராட்சியில் சாலையோர வியாபாரிகளைக் கணக்கெடுத்து அடையாள அட்டை கொடுக்கப் போகிறார்கள், அட்டை இல்லாதவர்கள் இனி ஊருக்குள் வண்டி நிறுத்தக் கூடாது என்றார்கள். கணக்கெடுக்க வந்தவர்கள் வெயில் நன்றாக ஏறிய பிறகு வந்தார்கள். வண்டியையும் ஆளையும் சேர்த்து நிற்கவைத்து செல்போனில் படம் எடுத்தார்கள். என்னை எடுத்தார்கள், கரும்புச் சாறு வண்டியை எடுத்தார்கள், பழக்காரரை எடுத்தார்கள். அக்கா நிற்கிற இடத்தில் ஒரு மோட்டார் சைக்கிள் நின்றது. "இங்க ஒரு அக்கா நிப்பாங்க சார்" என்று நான் சொன்னேன். "நிப்பாங்கன்னா? இப்ப இல்லையே" என்று சொல்லிவிட்டு அவர்கள் அடுத்த வண்டிக்குப் போய்விட்டார்கள்.

மறுநாள் அக்கா நகராட்சி அலுவலகத்துக்கு நடந்தார். அங்கே இருந்த அதிகாரி நல்ல மாதிரியாகத்தான் பேசினாராம். விடுபட்டவர்களைப் பார்க்க வியாழக்கிழமை திரும்ப வருவோம், வண்டியோடு அதே இடத்தில் இருங்கள், சாப்பாட்டு வண்டி என்பதால் சுத்தம் முக்கியம், வண்டி சுத்தமாக இருந்தால்தான் அட்டை என்று சொல்லி அனுப்பினார். அந்தக் கடைசிப் பேச்சை அக்கா அப்படியே மனதில் வாங்கிக்கொண்டார். புதன்கிழமை அதைச் சொன்னபோது அவர் முகத்தில் இருந்த தெளிவை நான் மறக்கவில்லை. "பாரு தம்பி, நாளைக்கு என் வண்டியப் பாத்துட்டு உன் வண்டிக்கு அட்டை இல்லன்னு சொல்லிடப் போறாங்க" என்றார்.

வியாழக்கிழமை அவர் சோறு ஆக்கவில்லை. வேலைக்குப் போகிற பெண்களிடம் முந்தின நாளே சொல்லிவிட்டார். வண்டியைச் சவுக்காரம் போட்டுத் தேய்த்து, குண்டான்களைச் சாம்பலும் புளியும் வைத்துத் துலக்கி, பலகைக்குப் புதிதாக ஒரு பிளாஸ்டிக் விரிப்பு வாங்கிப் போட்டு, மாதா படத்துக்கு அரளி மாலை சாத்திக் கொண்டுவந்து நிறுத்தினார். வண்டி கோயில் திருவிழாவில் சப்பரம் நிற்கிற மாதிரி நின்றது. அவர் கட்டியிருந்தது பூசைக்குப் போகும்போது மட்டும் கட்டுகிற சேலை. பெரியவர்கள் வந்து பார்க்கிற இடத்தில் எச்சில், பருக்கை, எண்ணெய்ப் பிசுக்கு எதுவும் இருக்கக் கூடாது என்று அவர் நினைத்தார். வீட்டுக்கு விருந்தாளி வந்தால் நாம் அடுப்படியையா காட்டுகிறோம்? எங்களைப் போன்றவர்களுக்கு அதிகாரி வருவது என்றால் அப்படித்தான். எனக்கும் அதில் ஒன்றும் தப்பாகத் தெரியவில்லை. வண்டி அழகாக இருக்கிறது என்றுதான் சொன்னேன்.

வந்தது வேறு ஓர் அதிகாரி. குண்டான் மூடியைத் தூக்கிப் பார்த்தார். உள்ளே அவர் முகம்தான் தெரிந்திருக்கும், அவ்வளவு பளபளப்பு. "என்னம்மா விக்கிறீங்க?" என்றார். "சோறுங்க. புளிச்சோறு, தயிர்ச்சோறு" என்றார் அக்கா. "சோறு எங்க?"

"இன்னைக்கு ஆக்கலைங்க. நீங்க வர்றீங்கன்னு சொன்னாங்க, அதான் கழுவி வச்சேன்."

கூட வந்தவர் சிரித்தார். அதிகாரி சிரிக்கவில்லை. அட்டை கொடுக்கிறார்கள் என்று தெரிந்ததும் இடம் பிடிக்கப் பல பேர் வெறும் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்துகிறார்கள், இதுவும் அப்படித்தான் என்றார். தட்டு இல்லை, தண்ணீர் இல்லை, அடுப்புக் கரி இல்லை, வாடிக்கையாளர் இல்லை. அவர் கண்ணால் பார்த்தால் அவர் சொன்னது சரிதான். அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரமாக இருக்கிறது. "சார், இவங்க விடியக்காலையில விக்கிறவங்க, நான் தினம் பாக்குறேன் சார்" என்று நான் சொன்னேன். என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. "உங்க வண்டிய நீங்க பாருங்க" என்றார் அவர். அன்று எடுத்த படத்தில் காலி வண்டியும், பக்கத்தில் நல்ல சேலையில் அக்காவும் இருந்தார்கள்.

அதை வைத்துத்தான் பிறகு, யாருக்கு அட்டை என்று தீர்மானிக்கிற கமிட்டியில் முடிவு செய்தார்கள். சாட்சி இருந்தால் அழைத்து வரலாம் என்றார்கள். கூட்டம் முற்பகலில். அக்காவின் சாட்சிகள் எல்லோரும் அந்த நேரத்தில் ஏதோ ஒரு ஊரில் முழங்கால் சேற்றில் குனிந்து நிற்பார்கள். நாங்கள் நாலைந்து பேர் வேலையை விட்டுவிட்டு வருகிறோம் அக்கா என்று அவர்கள் சொல்லத்தான் செய்தார்கள். அக்கா விடவில்லை. "நடவு இருக்கிறதே கொஞ்ச நாளு. அதுலயும் ஒரு நாள விடுவியா? உன் மாமியா என்னைய வந்து அடிப்பாடி" என்று விரட்டிவிட்டார். சாட்சிக்கு நான் ஒருவன் போனேன். போன தடவை நீங்கள்தானே பேசினீர்கள், பக்கத்து வண்டிக்காரர் சொல்வதை எப்படி எடுத்துக்கொள்வது என்று கேட்டார்கள். பிறகு யார் சொல்வதைத்தான் எடுத்துக்கொள்வார்கள்? விடியற்காலையில் பாலத்தடியில் ஒரே ஒருநாள் வந்து நின்றிருந்தால் போதுமே. அந்த நேரம் அலுவலக நேரம் இல்லையாம். தொழில் நடப்பதாகத் தெரியவில்லை என்று முடித்துவிட்டார்கள்.

எனக்கு அட்டை வந்தது. கழுத்தில் தொங்கவிட நீலக் கயிறும் கொடுத்தார்கள். அட்டையில் நடமாடும் வியாபாரி என்று போட்டிருக்கிறது. ஆனால் புதுப் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் சிமெண்டுத் தரையில் மஞ்சள் கோடு போட்டு, அதற்குள்தான் நிற்க வேண்டும் என்கிறார்கள். கோட்டைத் தாண்டினால் அபராதம். வாட்ச்மேன் கேட்டைத் திறக்கும்போது வெயில் வந்துவிடுகிறது. விடியற்காலை வியாபாரம் போயே போய்விட்டது. அக்காவுக்கு அட்டை கிடைத்திருந்தாலும் இங்கே வந்து யாருக்குச் சோறு போட்டிருப்பார்? இதை யாரிடம் போய்க் கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை. தெரிந்தாலும் கேட்க வாய் வர வேண்டும்.

அட்டை இல்லாமலே அக்கா கொஞ்ச நாள் நின்று பார்த்தார். ஒருநாள் நகராட்சி லாரியில் வண்டியை ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். மீட்க அலைந்து பார்த்து விட்டுவிட்டார். இந்தக் குறுவைக்கு அவரும் நடவுக்குப் போகிறார். யாருடைய தூக்குவாளியை நிரப்பினாரோ அவர்களோடு சேர்ந்து, தன் தூக்குவாளியை வீட்டிலேயே நிரப்பிக்கொண்டு வருகிறார். முட்டிவலி உள்ளவர். மற்றப் பெண்கள் ரொட்டிக்கடை பன்னை முந்தானையில் முடிந்துகொண்டு ஏறுகிறார்கள்.

சில நாள் நான் பிளாஸ்கில் டீ எடுத்துக்கொண்டு பாலத்தடி வழியாகப் போவேன். போன வாரமும் போனேன். வண்டி நின்ற அதே இடத்தில், டியூப் சுற்றிய அந்தச் செங்கல்லின் மேல் அக்கா உட்கார்ந்திருந்தார். நான் டீயை ஊற்றி நீட்டினேன்.

"விக்கிறியா, சும்மா குடுக்கிறியா? கோட்ட விட்டு வெளிய வந்து வித்தா உனக்கும் ஃபைன் போடுவாங்க தம்பி."

"சும்மாதாங்க்கா."

"அப்ப சரி. என்கிட்டயும் இங்க உக்கார்றதுக்கு இன்னும் அட்டை கேக்கல" என்று வாங்கிக் குடித்தார்.

லோடு ஆட்டோ வந்தது. பெண்கள் முண்டியடித்து ஏறினார்கள். அக்கா முட்டியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக எழுந்தார். ஆட்டோவின் பின் பலகையைப் பிடித்தபடியே, காலால் அந்தக் கல்லைப் பாலத்துச் சுவரோரமாகத் தள்ளினார். கை படவில்லை. மேலேயிருந்து யாரோ கை கொடுத்துத் தூக்கினார்கள்.