எனக்கே தெரியாத என் கல்யாணம்

காலையில் கம்பளை அத்தை போனில் அழாத குறையாகக் கேட்டார்.

"ஏன்டி, எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லாம கல்யாணத்த முடிச்சிட்டீங்களா?"

அவர் அனுப்பிய புடவைக் கடை விளம்பரத்தைப் பார்த்தேன். கூறைச்சேலை, நெற்றிச்சுட்டி, கழுத்து நிறைய நகை. முகம் மட்டும் என்னுடையது, தாடை மச்சத்தோடு!

போன வாரம் கண்டியில் அதே கடையில், கட்டாமலே திரையில் கட்டிப் பார்க்கலாம் என்று கமராவுக்கு முன்னால் நிற்க வைத்தார்கள். நின்றேன். புடவைகூட வாங்கவில்லை.

நேரே அந்தக் கடைக்குப் போனேன். முதலாளி சிரிக்கிறார்.

"அது நீங்க இல்லீங்க மிஸ். ஏஐ செஞ்ச பொண்ணு."

"மச்சமும் ஏஐக்குப் பொறந்ததா?"

"திரையில ஓகே அமத்துனீங்களே, அதுதான் சம்மதம்."

புடவை பார்க்க அழுத்திய ஓகே அது! பெண் பார்க்க வருகிறவர்கள்கூட பிள்ளைக்குச் சம்மதமா என்று கேட்டுவிட்டுத்தான் மேலே பேசுவார்கள்.

"இப்பவே அழிங்க" என்றேன்.

"அப்ப அது நீங்கதான்னு உறுதிப்படுத்தணும். அடையாள அட்டையப் புடிச்சிக்கிட்டு ஒரு போட்டோ அனுப்புங்க மிஸ்."

முகத்தை எடுக்கும்போது பெயரைக்கூடக் கேட்காதவர்கள்!

அந்தப் போட்டோவையும் அனுப்பினால் அடுத்த விளம்பரத்தில் எனக்கு வளைகாப்புதான். கம்பளை அத்தைக்கு யாராவது முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.