ஆற்றங்கரை ரெஸ்ட்ஹவுஸில் ஒரு மதியம்

இருபத்தைந்தாவது கலியாண நாளன்று அம்மா செய்த முதல் வேலை, கண்ணாடிக்கு முன்னால் நின்று பொட்டை அழித்ததுதான். பிறகு தாலிக்கொடியைச் சட்டைக்குள் விட்டு ஊசி குத்திக்கொண்டார். கொழும்பில் தமிழர் நிறைந்த வெள்ளவத்தையைத் தாண்டிப் போகும் தமிழ்ப் பெண்களுக்கு அந்த யுத்த நாட்களில் அதுதான் அலங்காரம். எனக்கு எரிச்சலாக வந்தது. கலியாண நாளில் தாலியை ஒளித்துக்கொண்டு கொண்டாடப் போவது எங்கள் வீட்டில்தான் நடக்கும்.

கொழும்புக்கு வெளியே, களனி ஆற்றங்கரையில் இருந்த ரெஸ்ட்ஹவுஸ் ஒன்றில் மதியச் சாப்பாடு என்று ஏற்பாடு. கலியாண நாள் அதற்குப் பாதிக் காரணம். மீதி, அண்ணா. யாழ்ப்பாணத்தில் பெரியம்மா வீட்டில் தங்கிப் படித்தவன், லண்டன் போவதற்காக வந்து, ஒரு மாதமாக எங்கள் பின்னறைக்குள் அடைந்து கிடந்தான். விசா வந்துவிட்டது. அடுத்த கிழமை விமானம். வடக்கிலிருந்து வருகிறவர்களைப் பொலிஸில் பதிய வேண்டும். பதியப் போன அயல்வீட்டு மருமகனை அங்கேயே மறித்து வைத்துவிட்டார்கள். அதைப் பார்த்த பிறகு அப்பா அண்ணாவைப் பதியவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஒழுங்கையில் வீடு வீடாகச் சுற்றிவளைப்பு நடக்கப்போவதாகக் கதை அடிபட்டது.

"வீட்டில இருந்தா அம்பிட்டிடுவான். வெளியில போய் நிம்மதியாச் சாப்பிட்டிட்டு வருவம்," என்றார் அப்பா.

கூட வேலை செய்யும் கந்தோர் நண்பரின் காரை இரவல் வாங்கி, முன்கண்ணாடிக்குக் கீழே ஆங்கிலப் பத்திரிகை ஒன்றை விரித்து வைத்தார். வீடு திரும்பும்வரை தமிழ் கதைக்கக் கூடாது என்பது கட்டளை. அப்பாவுக்குச் சிங்களம் தண்ணீர் பட்ட பாடு. அண்ணாவுக்கு ஒரு சொல்லும் தெரியாது. ஆங்கிலமும் பள்ளிக்கூடத்தோடு சரி.

"நீ வாயே திறக்காதை. ஆரும் ஏதும் கேட்டா யெஸ் எண்டு மட்டும் சொல்லு."

"ஓம் அப்பா," என்றான் அண்ணா. அப்பா முறைத்தார். "யெஸ்," என்று திருத்திக்கொண்டான். நாங்கள் எல்லோரும் சிரித்தோம்.

வழியில் இருந்த செக்பொயின்றில் ஆமிக்காரன் பத்திரிகையைப் பார்த்தான், அப்பாவின் சிங்களத்தைக் கேட்டான், போகச் சொன்னான். எங்கள் யோசனை பலித்துவிட்டது என்றுதான் நினைத்தோம்.

ரெஸ்ட்ஹவுஸ் முற்றத்தில் ஜீப் ஒன்று நின்றது. விறாந்தையில், எங்களுக்குக் காட்டிய மேசைக்கு அடுத்த மேசையில், ஒட்ட வெட்டிய தலைமயிரோடு நாலைந்து பேர் சாராயம் குடித்துக்கொண்டிருந்தார்கள். உடுப்பு சாதாரண உடுப்புத்தான். ஆனால் அந்தத் தலைமயிர் எங்களுக்குத் தெரியாததா? அப்பாவின் முகம் செத்துப்போனது. வந்த வேகத்தில் திரும்பினால் சந்தேகம் வரும். ஆகவே உட்கார்ந்தோம். வாழ்நாளில் குடித்திராத அப்பா பியர் ஒன்று கொண்டுவரச் சொல்லி, கசாயம் குடிப்பதுபோல் மிடறு மிடறாக விழுங்கினார்.

கலியாண நாள் என்று கேள்விப்பட்ட வெயிட்டர், வேறு மேசையிலிருந்த பூச்சாடியை எடுத்துவந்து அம்மாவுக்கு முன்னால் வைத்தார். நல்ல மனிதர். அம்மா ஆங்கிலத்தில் நன்றி சொன்னார். பிறகு ஃப்ரைட் ரைஸ் வந்தது. அம்மா கோழியின் பெரிய துண்டை அண்ணாவின் சோற்றுக் கோப்பையில் வைத்தார். அவன் ஆற்றையே பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு மாதத்தில் அன்றுதான் அவன் முகத்தில் வெயில் பட்டது. கரண்டியைக் கையில் எடுத்தான்.

அப்போதுதான் ஆற்றுப் பக்கமிருந்து ஹெலிகொப்டர் வந்தது, மிகவும் தாழ்வாக.

புல்தரையில் விளையாடிய பிள்ளைகள் அதைப் பார்த்துக் கை காட்ட ஓடினார்கள். நான் மேசைக்குக் கீழே கிடந்தேன். அண்ணா என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்து விழுத்தி, என் தலையைத் தன் கையால் பொத்திக்கொண்டு குப்புறப் படுத்திருந்தான். யாழ்ப்பாணத்தில் ஹெலி சுடும். அது கேட்டதும் பக்கத்தில் இருப்பவரையும் இழுத்துக்கொண்டு விழுவது அவனுக்கு யோசித்துச் செய்கிற காரியமில்லை. ஆனால் கொழும்பில் ஹெலிக்கு யாரும் படுப்பதில்லை. வடக்கிலிருந்து வந்தவர்கள் மட்டும்தான் படுப்பார்கள். அது எனக்குத் தெரியும். அடுத்த மேசைக்கும் தெரிந்திருந்தது. அங்கே சிரிப்பு நின்றுவிட்டது.

அவர்களில் மூத்தவர் எழுந்து வந்தார். அண்ணா சட்டையில் ஒட்டிய தூசியோடு எழுந்து நின்றான்.

"கம கொஹேத மல்லி?" ஊர் எது தம்பி என்று மெதுவாகத்தான் கேட்டார்.

"யெஸ்," என்றான் அண்ணா.

அடையாள அட்டையில் யாழ்ப்பாண விலாசம் இருந்தது. பொலிஸ் பதிவு இல்லை. அண்ணாவை விரலால் காட்டி, இவன் யார் என்று அந்த மனிதர் அப்பாவைக் கேட்டார். பதியாமல் வீட்டில் வைத்திருந்தால் வீட்டுக்காரரையும் பிடிப்பார்கள். அப்பா வாய் திறக்குமுன் அண்ணா தன் நெஞ்சைத் தொட்டு, "ட்ரைவர்," என்றான். கார் ஓட்டவே தெரியாதவன். அப்பா மறுக்கவில்லை. அத்தனை சிங்களமும் அவரைக் கைவிட்டுவிட்டது.

அவனை ஜீப்புக்குக் கொண்டு போனார்கள். அம்மா எழுந்தார். அவன் கோப்பையை எடுத்துக்கொண்டு, விறாந்தையில் இருந்தவர்கள் எல்லோரும் பார்த்திருக்க, முற்றத்தில் இறங்கி நடந்தார்.

"அவன் என்ர பிள்ளை," என்று தமிழில் உரக்கச் சொன்னார். "இன்னும் ஒரு வாய் சாப்பிடேல்லை."

அந்த மனிதருக்கு மொழி விளங்கியதோ இல்லையோ, கோப்பை விளங்கியது. ஜீப்பின் கதவைப் பிடித்தபடி நின்றார். அம்மா சோற்றைக் குழைத்து நீட்டினார். அண்ணா வாயைத் திறந்தான். இரண்டாவது வாய் கொடுக்குமுன் ஜீப் புறப்பட்டுவிட்டது.

பிறகு அப்பா போகாத முகாம் இல்லை. அப்படி ஒருவரை நாங்கள் பிடிக்கவேயில்லை என்று எல்லா இடத்திலும் சொன்னார்கள். அந்த ஒரு வாய்ச் சோறுதான் அவன் எங்களோடு கடைசியாகச் சாப்பிட்டது.