அக்காவின் கட்டிலுக்கு ஓர் இடம்

இத்தாலியில் சீசா என்ற பகுதியில் நாங்கள் இருந்த மூன்றாம் மாடி வீட்டுக்குள் அந்தக் காலத்தில் யாரும் நேராக நடந்து வர முடியாது. பக்கவாட்டாகத் திரும்பி, வயிற்றை எக்கிக்கொண்டுதான் வர வேண்டும். அவ்வளவு சாமான். நாங்கள் பணக்காரர் என்று நினைத்துவிடாதீர்கள். அம்மா வீட்டு வேலைக்குப் போனதால் வந்து சேர்ந்தவை அவை. அம்மா வேலை செய்த வீட்டு எசமானி, நாங்கள் சிஞ்ஞோரா என்பவர், நல்ல மனுஷி. தன் வீட்டில் எது பழசானாலும், எது பிடிக்காமல் போனாலும், அதைப் பையில் போட்டு அம்மாவின் கையில் கொடுத்துவிடுவார். வேண்டாம் என்று சொல்ல அம்மாவுக்கு வாய் வராது. எறியவும் பயம். ஒருநாள் சிஞ்ஞோரா வந்து, நான் தந்த பீங்கான் நாய் எங்கே என்று கேட்டால் என்ன செய்வது? ஆகவே பீங்கான் நாய் இருந்தது. அதற்குத் துணையாகக் காதுடைந்த இன்னொரு நாயும் இருந்தது. குஞ்சம் தொங்கும் விளக்கு, ஆளுயரக் கண்ணாடி, ஓடாத சுவர்க்கடிகாரம், ஒருவரும் உட்காராத கதிரைகள் என்று வீடு நிறைந்திருந்தது. அந்தக் கதிரைகளுக்குக் கீழேதான் நான் வீட்டுப்பாடம் எழுதினேன்.

எனக்கு ஏழு வயது நடந்தபோது அக்கா வருவது உறுதியானது.

அக்கா என் கூடப்பிறந்தவள். ஆனால் நான் அவளைப் பார்த்ததே கிடையாது. நாட்டில் நடந்த சண்டைக்குப் பயந்து அம்மாவும் அப்பாவும் இத்தாலிக்கு வெளிக்கிட்டபோது அவளுக்கு நாலு வயது. வழி பொல்லாதது என்று அவளை மன்னாரில் பெரியம்மாவிடம் விட்டுவிட்டு வந்தார்கள். அடுத்த வருஷமே கூப்பிடுவதாகத்தான் பேச்சு. அதற்குப் பிறகு நான் பிறந்து, நடந்து, பள்ளிக்கூடமும் போகத் தொடங்கிவிட்டேன். விசாக் கடதாசி கொடுக்கும் குவெஸ்தூராப் பொலிஸ் கந்தோரில் அப்பா நிற்காத வரிசை இல்லை. கடைசியில் கடதாசிகள் சரிவந்தபோது அக்காவுக்குப் பன்னிரண்டு வயதாகிவிட்டது.

“பிள்ளைக்கு எங்கை கட்டில் போடுறது?” என்று அம்மா கேட்டார். அப்பா சுற்றிப் பார்க்கத் திரும்பினார். அவருடைய முழங்கை விளக்கின் குஞ்சத்தில் சிக்கியது.

அம்மாவுக்கு இன்னொரு பிடிவாதமும் இருந்தது. கட்டில் புதுசாக இருக்க வேண்டும். கடையில் வாங்கிய, பிளாஸ்டிக் உறை கழற்றாத கட்டில். “என்ரை பிள்ளை வந்து முதல் நாளே மற்றவையின்ரை பழசிலை படுக்கக்கூடாது,” என்றார். இடமும் வேண்டும், காசும் வேண்டும். இரண்டுக்கும் ஒரே வழி சொன்னவர் சித்தப்பா.

சித்தப்பா அப்பாவின் தம்பி. எங்களோடுதான் இருந்தார். பல்லரோச் சந்தையில் ஒரு மரக்கறிக் கடைக்குப் பெட்டி இறக்குவது அவருடைய வேலை. பெட்டி இறக்கியபடியே வியாபாரம் முழுவதையும் கற்றுவிட்டதாக அவருக்கு நினைப்பு. “எல்லாத்தையும் கீழை முற்றத்திலை பரப்பி விப்பம் அண்ணி. நான் பாத்துக்கொள்ளுறன்,” என்றார். அவர் பார்த்துக்கொள்வதாகச் சொன்ன காரியங்கள் பலவற்றை அப்பாதான் பிறகு பார்க்க வேண்டி வந்ததுண்டு. இந்தமுறை அப்படி நடக்கவில்லை.

கட்டடத்து வீடுகளுக்கெல்லாம் போய் முற்றத்தைப் பாவிக்க அனுமதி கேட்டார். கோயில் வாசலிலும் மூலைப் பாண்கடையிலும் அறிவித்தல் ஒட்டினார். ஞாயிற்றுக்கிழமையைத் தெரிந்தெடுத்ததும் அவர்தான். அன்றைக்குச் சிஞ்ஞோரா குடும்பம் மொந்தெல்லோவுக்குக் கடல் குளிக்கப் போய்விடும்; தன்னுடைய சாமான் விலைப்படுவதை அவர் காண வாய்ப்பில்லை. ஒரு கிழமை முழுவதும் நாங்கள் கழுவினோம், துடைத்தோம், எண்ணெய் பூசினோம். காதுடைந்த நாயின் காதைப் பசை போட்டு ஒட்டினோம். விளக்கு எரியும் என்று காட்ட மாடியிலிருந்து ஒரு நீள வயரை இறக்கினார்கள். கண்ணாடியை வாசலுக்கு நேரே வைக்கச் சொன்னார் சித்தப்பா. “தன்ரை முகத்தைக் கண்டால் ஆரும் ஒருக்கா நிப்பினம். நிண்டால் பாப்பினம். பாத்தால் வாங்குவினம்.”

சாமான்களைத் தரம் பிரித்தபோதுதான் அலுமாரிக்கு மேலே இருந்த சிவப்புப் பை இறங்கியது. அதற்குள் சட்டைகள்.

சிஞ்ஞோராவுக்கு ஒரு மகள் இருந்தாள். அக்காவின் வயதுதான். அவளைக் குளிப்பாட்டி, தலை இழுத்துப் பின்னி, சோறூட்டி வளர்த்தது அம்மா. அவளுக்குப் போதாமல் போன சட்டை ஒவ்வொன்றையும் சிஞ்ஞோரா “உன் சின்னவளுக்கு” என்று தருவார். அந்தச் சின்னவள் நான். ஆனால் ஒரு சட்டைகூட என் உடம்பில் ஏறியதில்லை. கேட்டால், “உது அக்காவின்ரை,” என்பார் அம்மா. சட்டை வந்த அன்று அதன் தோள்கள் இரண்டையும் பிடித்துத் தூக்கி, தனக்கு முன்னால் அந்தரத்தில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார்ப்பார். கறை இருக்கிறதா என்று பார்க்கிறார் என்றுதான் நான் எண்ணியிருந்தேன். பிறகு மடித்துப் பைக்குள் வைப்பார். வருஷா வருஷம் நத்தார்ப் பெருநாளுக்கு எல்லாவற்றையும் எடுத்துத் தோய்த்து, இஸ்திரிப்பெட்டியால் மினுக்கி, மறுபடி வைப்பார்.

ஊரில் ஒரு பிள்ளை இருக்கிறது என்று அம்மா சிஞ்ஞோராவிடம் சொன்னதில்லை. வேலை எடுத்துக் கொடுத்தவர், சொல்லாதே, ஊருக்குப் போக லீவு கேட்பாய் என்று யோசிப்பார்கள் என்றாராம். முதல் நாள் சொல்லாததை மற்ற நாட்களில் எப்படிச் சொல்வது?

“உதுகளும் போகட்டும் அண்ணி,” என்றார் சித்தப்பா மெதுவாக. “பிள்ளையே வருது. இனிச் சட்டையை வைச்சு என்ன செய்யிறது?”

அம்மா பையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். “ஓம். இனி என்னத்துக்கு,” என்றார். நீலநிறச் சட்டை ஒன்றை மட்டும் எடுத்துத் தனியே வைத்தார். கடைசியாக வந்தது அது. மற்றவற்றை அவரே கொடியில் வரிசையாகக் கொளுவினார், சின்னதிலிருந்து பெரிது வரை.

ஞாயிறு பூசை முடிந்ததும் முதலில் வந்தது எங்கடை ஆட்கள்தான். பழஞ்சாமான் வாங்கப் போனதாக நாலு பேர் கதைத்தால் மரியாதை இல்லையே. ஆகவே எல்லோரும் எங்களைச் சுகம் விசாரிக்க வந்ததாகச் சொன்னார்கள். கதைத்துக்கொண்டே கடைக்கண்ணால் கதிரைகளை அளந்தார்கள். அம்மாவோ, வீடு தேடி வந்தவர்களிடம் எப்படிக் காசு வாங்குவது என்று தேத்தண்ணியும் கொடுத்து, கையில் ஒரு சாமானும் கொடுத்து அனுப்பினார். சுவர்க்கடிகாரம் போனது. சட்டி இரண்டு போயின. சித்தப்பா தலையில் கைவைத்தார்.

“அண்ணி, நீங்கள் மேலை போய்த் தேத்தண்ணியை மட்டும் ஊத்துங்கோ. காசை இவள் வாங்கட்டும். எங்கடை வீட்டிலை வெட்கம் எண்டதே இல்லாத ஆள் இவள் ஒருத்திதான்.”

அதை நான் பெரிய பாராட்டாக எடுத்துக்கொண்டேன். ஒரு கதிரையில் ஏறி நின்று, பல்லரோக்காரர் மீனுக்குக் கத்துவதைப் போல, தெருச் சிசிலியனில் விளக்குக்குக் கத்தினேன். அயல் தெருச் சனம் சிரித்துக்கொண்டு உள்ளே வந்தது. கண்ணாடியில் முகத்தைக் கண்டது. நின்றது. சித்தப்பா சொன்னது அப்படியே பலித்தது.

என் வாழ்நாள் வியாபாரங்களில் சிறந்ததையும் அன்றுதான் செய்தேன். மூலைப் பாண்கடைக்காரி மஞ்சள் சட்டை ஒன்றைப் பிடித்துப் பார்த்தாள். கழுத்தில் வெள்ளைப் பின்னல் வைத்தது. ஒன்பது வயதுக்கென்று உள்ளே துணித்துண்டு தைத்திருந்தது. தன் அண்ணனின் மகளுக்கு என்றாள். பாதி விலைக்குக் கேட்டாள். நான் மாட்டேன் என்றேன். போனாள். வாசல்வரை போகவிட வேண்டும் என்பது சித்தப்பாவின் பாடம். வாசலை அடைந்ததும் கூப்பிட்டு ஒரு சின்னக் குறைப்புச் செய்தேன். திரும்பி வந்து வாங்கினாள். சித்தப்பா என் தலையைத் தடவி, “நீ பிழைச்சுக்கொள்ளுவாய்,” என்றார்.

மதியத்துக்குக் கொஞ்சம் முன் சிஞ்ஞோரா வந்தார்.

கடலுக்குப் போய்ச் சேரவில்லை. வழியில் மகளோடு இறங்கி வந்திருந்தார். கையில் ஒரு ஃபான். வெயில் கூடிவிட்டதே, அம்மாவுக்குக் கொடுப்போம் என்று கொண்டுவந்திருக்கிறார். வாசலுக்குள் வந்தார், தன் கண்ணாடியில் தன்னையே கண்டார், நின்றார். பிறகு தன் கதிரைகளைப் பார்த்தார். தன் நாய்களைப் பார்த்தார். சித்தப்பா ஒரு மேசைக்குப் பின்னால் குந்திவிட்டார். அம்மாவின் வேலை அந்த நிமிஷத்தோடு போனது என்று எல்லோரும் நினைத்தோம்.

சிஞ்ஞோரா விளக்கைச் சுட்டி என்னிடம் விலை கேட்டார். நான் சொன்னேன்.

“இன்னும் கூடச் சொல்லு,” என்றார் அவர் இத்தாலியனில். “என் மாமியார் கலியாணத்துக்குத் தந்தது. எனக்கு அதைக் கண்ணில் காட்டக்கூடாது. வேண்டாம் என்று சொல்ல முடியாமல் எத்தனை வருஷம் வைத்திருந்தேன்.”

சித்தப்பா மேசைக்குப் பின்னால் இருந்து மெல்ல எழும்பினார்.

பிறகு சிஞ்ஞோராவின் கண் கொடிக்குப் போனது. நாலைந்து சட்டைகள் மிச்சமிருந்தன. ஒன்றைத் தொட்டுப் பார்த்தார். “நீ ஏன் இவற்றைப் போடவில்லை? புதுசு போலவே இருக்கின்றனவே,” என்று கேட்டார். இதில் மறைக்க என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. “இது என் அக்காவுடையது. அக்கா ஊரில் இருக்கிறாள். அடுத்த கிழமை வருகிறாள். நாலு வயதில் விட்டுவிட்டு வந்தது,” என்று ஒரே மூச்சில் சொன்னேன்.

அந்த நேரம் பார்த்து அம்மா தேத்தண்ணித் தட்டோடு படியிறங்கி வந்தார். சிஞ்ஞோரா தன் மகளைப் பார்த்தார். கொடியைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். “ஏன் எனக்குச் சொல்லவில்லை?” என்று கேட்டார். கோபமாக அல்ல. அம்மா தட்டை நீட்டினார். சிஞ்ஞோரா அதை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, அம்மாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். பெரியவர்கள் ஏன் இப்படி வியாபாரத்தைக் குழப்புகிறார்கள் என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

அன்று பின்னேரம்வரை சிஞ்ஞோரா ஒரு கதிரையில் இருந்து, ஒவ்வொரு சாமானுக்கும் ஒரு வரலாறு சொல்லி விலையை ஏற்றினார். அந்தக் கதிரையும் கடைசியில் விலைப்பட்டது, எழும்பிக் கொடுத்தார். சட்டைகள் எல்லாம் போயின. நாய்கள் சோடியாகப் போயின. இருட்டும்போது முற்றம் வெறுமையாகக் கிடந்தது. வீட்டுக்குள் நான் கையை விரித்துக்கொண்டு சுற்றிச் சுற்றி ஓடினேன்.

மறுநாள் கட்டில் வாங்கப் போனோம். பிள்ளை எவ்வளவு உயரம் என்று கடைக்காரர் கேட்டார். அம்மா யோசிக்கவே இல்லை. கையைத் தன் காதளவுக்கு உயர்த்திக் காட்டினார். சிஞ்ஞோராவின் மகள் அந்த உயரம்.

அடுத்த கிழமை, உரோமாபுரி வழியாக, தெரிந்த ஒரு குடும்பத்தோடு அக்கா வந்து இறங்கினாள். விமான நிலையத்தில் அம்மா அவளைத் தாண்டிப் பின்னால் வந்த ஒரு பெரிய பெண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றார். அக்காவே கிட்ட வந்து, “அம்மா,” என்றாள். அவளுடைய தலை அம்மாவின் நெஞ்சுக்குத்தான் வந்தது. கை கால் எல்லாம் குச்சி. எனக்கு ஒரே சந்தோஷம். என்னைவிடக் கொஞ்சம்தான் பெரிது, விளையாடலாம்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா நீலச் சட்டையை எடுத்து அவளுக்குப் போட்டுவிட்டார். அது ஒரு தோளிலிருந்து வழுக்கி இறங்கியது. கீழே கணுக்கால் வரை தொங்கியது. அக்கா அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, பிளாஸ்டிக் உறை போட்ட புதுக் கட்டிலின் நுனியில் இருந்தாள். “பெரிசாத்தான் இருக்கு. பரவாயில்லை அம்மா, வளர்ந்திடுவன்,” என்றாள்.

அம்மா குனிந்து சட்டையின் ஓரத்தை மடித்துப் பார்த்தார். எனக்கோ விடை தெரிந்திருந்தது. வகுப்பில் கையை உயர்த்துவதைப் போல உயர்த்தினேன்.

“அம்மா, அந்த மஞ்சள் சட்டை எண்டால் அளவாயிருந்திருக்கும். ஒம்பது வயசுச் சட்டை. அதைத்தான் நான் நல்ல விலைக்கு வித்தனான்.”

அப்பா எழுந்து பல்கனிக்குப் போய்விட்டார். அம்மா அக்காவின் மணிக்கட்டைத் தன் இரண்டு விரலால் வளைத்துப் பிடித்தார். விரல்கள் சுற்றி வந்து ஒன்றின்மேல் ஒன்று ஏறின. அப்படியே அக்காவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழத் தொடங்கினார். அம்மா அப்படி அழுது நான் அதற்கு முன் கண்டதில்லை. அக்கா ஒன்றும் விளங்காமல் என்னைப் பார்த்தாள்.

“அழாதேங்கோ அம்மா,” என்றேன். “பாண்கடைக்காரி நல்லவ. நான் கேட்டால் திருப்பித் தருவா.”

விற்ற காசைப் போட்டு வைத்த பிஸ்கட் தகரத்தில் மிச்சமிருந்ததை அள்ளிக்கொண்டு, ஒரு சட்டைக்கு இவ்வளவு அழுகையா என்று யோசித்தபடி, நான் படிகளில் இறங்கி ஓடினேன்.