சாராள் கொண்டுவந்த செடி

சாராளைப் பற்றி எழுதப்போகிறேன் என்றதும் என் மனைவி, "அவளைக் கேட்டுட்டு எழுதுங்க, இல்லேன்னா எக்ஸ்சேஞ்சிலேர்ந்தே உங்க லைனைக் கட் பண்ணிடுவா" என்றாள். எங்கள் வீட்டில் டெலிபோனே கிடையாது. இருந்தும் எனக்குக் கொஞ்சம் பயமாகத்தான் இருந்தது.

சாராள் தாம்பரம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர். அவள் கணவர் ஐசக் என்னோடு ரயில்வே கூட்ஸ் ஆபீஸில் கிளார்க். இரண்டு குடும்பமும் சேலையூர்ப் பக்கம் ஒரே காம்பவுண்டில் குடியிருந்தோம். எங்கள் வீடுகளுக்குப் பின்னால் துளசிங்கத்தின் வயல், அதற்குப் பின்னால் சித்தேரியின் கரை. அறுபத்தாறில் அடைமழையில் அந்தக் கரை இரண்டு இடத்தில் சரிந்தது. வயல் மூழ்கியது. எங்கள் வீட்டு அரிசி மூட்டை வரைக்கும் தண்ணீர் வந்தது. நாங்கள் எல்லாரும் கையெழுத்துப் போட்டு மனு கொடுத்தோம். மனு எங்கேயோ பத்திரமாக இருந்திருக்கும். கரையில்தான் நான்கு வண்டி மண்ணைக் கொட்டிவிட்டுப் போனார்கள்.

"வெறும் மண்ணைக் கொட்டினா நிக்குமா? பிடிச்சுக்க வேர் வேணாமா?" என்று சாராள் கேட்டுக்கொண்டே இருந்தாள். கேட்டால் விடமாட்டாள். அது அவள் உத்தியோகத்தில் வந்த குணமா, குணத்துக்கு ஏற்ற உத்தியோகமா, எனக்குத் தெரியாது.

அடுத்த பொங்கல் விடுமுறைக்கு இரண்டு குடும்பமும் ரயில்வே பாஸில் தஞ்சாவூர் பார்க்கப் போனோம். ஐசக் ஊர் சுற்றிப் பார்ப்பதையும் ரயில் விடுவது போலத்தான் செய்வார். ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தார்: பெரிய கோயில் ஏழரை முதல் ஒன்பது, சுவார்ட்ஸ் ஐயர் கட்டிய சர்ச் ஒன்பதேகால், அரண்மனை பத்து, சரசுவதி மகால் பதினொன்றரை. பெரிய கோயிலில் நாங்கள் எல்லாரும் அண்ணாந்து விமானத்தைப் பார்த்தோம். சாராளும் பார்த்தாள், கழுத்து வலிக்கும் மட்டும் பார்த்தாள். வெளியே வந்து புதாற்றுக் கால்வாய்ப் பாலத்தில் நடக்கும்போதுதான் அவள் நின்றுவிட்டாள்.

வாய்க்கால் கரை ஓரமாக ஆள் உயரத்துக்கு ஒரு செடி அடர்ந்து நின்றது. வெளிர் ஊதாப் பூ, புனல் மாதிரி. ஒரு பிடி மண் சரியவில்லை. பக்கத்தில் மேய்ந்த மாடு அதன் பக்கம் வாயைக்கூடக் கொண்டுபோகவில்லை. மாட்டுக்காரரிடம் விசாரித்தாள். "ஒடிச்சு நட்டா போதும்மா, வேண்டாம்னாலும் வளரும்" என்றார் அவர். அந்த மனிதர் உண்மையைத்தான் சொன்னார். நாங்கள்தான் பாதியை மட்டும் காதில் வாங்கினோம்.

ஐசக் கடிகாரத்தைக் காட்டிக் கத்தினார். "சாராள், அரண்மனை பத்து மணிடி!" அரண்மனையைக் கடைசிவரை நாங்கள் பார்க்கவில்லை. படுக்கை சுற்றிய ஹோல்டாலில் இருந்த தலையணையை என் மனைவி தலையில் கட்டிவிட்டு, சாராள் ஈரச் சாக்கில் சுற்றிய ஒரு கட்டுக் கொம்புகளை அதற்குள் வைத்துத் தாம்பரம் வரை கொண்டுவந்தாள்.

செடி பிடித்தது. அந்த வருஷ மழைக்குக் கரை அசையவில்லை. ஊரே கொண்டாடியது. குடியிருப்போர் சங்கத்தில் பொன்னாடை போட்டார்கள். அந்தச் செடிக்குப் பெயர் தெரியாததால் 'சாராம்மா செடி' என்றே சொல்ல ஆரம்பித்தோம். கைதட்டினவர்களில் நானும் ஒருவன். நெய்வேலிக் காட்டாமணக்கு என்று அதற்கு ஒரு பெயர் இருப்பதும், அது நம் நாட்டுச் செடியே இல்லை என்பதும் பிற்பாடு தெரிந்தது.

மூன்றே வருஷத்தில் அது கரையிலிருந்து தண்ணீருக்குள் இறங்கிவிட்டது. ஒடிந்து விழுந்த துண்டெல்லாம் வேர் விட்டது. எழுபத்தொன்று பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து நாங்கள் வரும்போது, துளசிங்கம் காம்பவுண்டு வாசலில் நின்றுகொண்டிருந்தார். எங்களைவிடப் பத்து வயது பெரியவர்.

"இன்னாம்மா, ஒன் பேர வெச்ச செடி என் தண்ணியக் குடிச்சிகினு கீது. மதகாண்ட போய்ப் பாரு, கை நொழையாது. ரெண்டு போகம் போச்சு. சிட்டிபாபு மனை போடறேன்னு வெல பேசிகினு கீறான். இந்தக் கார்த்திகைக்குள்ள மதகுல தண்ணி வர்லேன்னா நெலத்தக் குட்த்துட்டு நான் போய்க்கினே இருப்பேன்."

சாராள் கோயிலுக்குக் கட்டின பட்டுப்புடவையோடு மதகுக்குப் போனாள். குனிந்து கையை விட்டுப் பார்த்தாள். திரும்பி வந்தபோது அவள் முகம் சுண்டிப்போயிருந்தது. "எனக்கு வெட்கமா இருக்குண்ணா" என்று துளசிங்கத்திடம் நேராகவே சொன்னாள். "கார்த்திகைக்குள்ள மதகைத் திறந்து தர்றேன். நிலத்தைக் குடுக்காதீங்க."

சொல்வது சுலபம். சங்கச் செயலாளர் ஜெபராஜ் ஓடிவந்தார். "அக்கா, அந்தச் செடி இருக்கிறதாலதான் கரை நிக்குது. அதைப் பிடுங்கிட்டு, மழையில கரை உடைஞ்சா யார் பதில் சொல்றது?"

"நான் சொல்றேன்."

"எழுதிக் குடுப்பீங்களா?"

எழுதிக் கொடுத்தாள். ஐசக் தலையில் கை வைத்துக்கொண்டார். அவர் பயமும் நியாயம்தான். மதகை ஒட்டி இருநூறு அடிக் கரையாவது வெறுமையாகும். அந்த இடத்தில் ஐப்பசிக்குள் வேறு வேர் இறங்கியாக வேண்டும். இறங்காவிட்டால் துளசிங்கத்தின் வயலும் போகும், எங்கள் வீடும் போகும்.

"எதை நடறது?" என்று சாராள் துளசிங்கத்திடமே போய்க் கேட்டாள். அவருக்கு இன்னும் கோபம் தீரவில்லை. "இத்த தஞ்சாவூர் போறதுக்கு முன்னாடி கேட்டிருக்கலாம்ல? மேல நொச்சி, நடுவுல வெட்டிவேரு, தண்ணியாண்ட சம்பங்கோர. எல்லாம் இங்கியே இருந்ததுதான். வூடு கட்ட வந்தவங்க வெட்டிட்டாங்க." நொச்சி மாடம்பாக்கம் ஏரிக்கரையில் இன்னும் புதராக நிற்கிறது என்றார். வெட்டிவேர் அவர் கிணற்று வாய்க்கால் ஓரத்திலேயே இருந்தது. வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவது என்பார்களே, நாங்கள் தஞ்சாவூர் வரைக்கும் அலைந்திருக்கிறோம்.

சித்திரையில் ஏரி வற்றியதும் சாராள் இறங்கினாள். காலை ஐந்தரையிலிருந்து எட்டு வரை கரை, பிறகு குளித்துவிட்டு எக்ஸ்சேஞ்ச். ஐசக்கும் நானும் மண்வெட்டியோடு கூடப் போனோம், போகாவிட்டால் காபி கிடையாது. பிடுங்குவது பெரிதில்லை, பிடுங்கினதை எங்கே போடுவது என்பதுதான் பெரிது. முதல் வாரம் பிடுங்கினதை ஓரமாகக் குவித்தோம். ஒரு கோடைமழை பெய்தது. குவியல் முழுக்கப் பச்சை. சாராள் உட்கார்ந்து அழுதாள், பிறகு மூக்கைச் சிந்திவிட்டு மறுபடி ஆரம்பித்தாள். அன்றிலிருந்து பிடுங்கின ஒவ்வொரு கொம்பையும் பாறை மேட்டுக்குச் சுமந்து, விரித்துக் காயவைத்து, காய்ந்ததைக் கொளுத்தினோம். கீழே ஒரு கணு விழுந்தாலும் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு எடுக்க வைப்பாள்.

ஆடி மழைக்கு நொச்சிக் குச்சிகளை நட்டோம். ஆட்டுக்கு நொச்சி வாடை ஆகாது, அது ஒரு நிம்மதி. வெட்டிவேரைப் பிரித்துச் சாண் இடைவெளியில் வரிசையாக வைத்தோம், தண்ணீர் ஓரமாகச் சம்பங்கோரையையும். ஆவணியில் வெயில் வறுத்தபோது குடத்தில் தண்ணீர் சுமந்தாள். எக்ஸ்சேஞ்சில் 'நம்பர் ப்ளீஸ்' என்று இனிக்க இனிக்கப் பேசுகிறவளின் உள்ளங்கை காய்ப்புக் காய்த்திருந்தது. போன் பேசினவர்களுக்கு அது எங்கே தெரியப்போகிறது?

கார்த்திகை பிறந்து எட்டாம் நாள். மூன்று நாளாக விடாத மழை. காலை பத்து மணிக்கு ஏரி கரை விளிம்புக்கு இரண்டடி கீழே நின்றது. நொச்சி இடுப்பளவுதான் இருந்தது. நாங்கள் எல்லாரும் கரையில் மணல் சாக்கோடு நின்றோம். ஜெபராஜ் சட்டைப் பையில் சாராள் எழுதிக் கொடுத்த காகிதத்தை வைத்திருந்தார் என்று நினைக்கிறேன், அடிக்கடி அங்கேயே தொட்டுக்கொண்டார். சற்றுத் தள்ளி, நிலத்துக்கு விலை பேசின சிட்டிபாபு குடை பிடித்து நின்றார்.

பதினொரு மணிக்கு வெட்டிவேர் வரிசைக்கு மேலே ஒரு விரல்கடை விரிசல் விட்டது. "மதகைத் தூக்கு! தண்ணி எறங்கினா கரை நிக்கும்!" என்று ஐசக் கத்தினார். போன வருஷமாக இருந்தால் தூக்கியும் பிரயோசனமில்லை. துளசிங்கம் கழுத்தளவுத் தண்ணீரில் இறங்கினார். இரண்டு பேர் மேலே இருந்து இழுத்தோம். பலகை நகர்ந்தது. உள்ளே அடைப்பு இல்லை. கரைக்கு இந்தப்புறம் வாய்க்காலில் தண்ணீர் பாய்ந்து விழுந்த சத்தம் இருக்கிறதே, என் கல்யாண நாதஸ்வரம்கூட எனக்கு அவ்வளவு சந்தோஷம் தரவில்லை.

ஒரு மணிக்கு ஏரி நான்கு விரல் இறங்கியிருந்தது. விரிசல் விரிசலாகவே நின்றது. அதற்குக் கீழே வெட்டிவேர் வரிசையில் ஒரு தூர்கூடச் சாயவில்லை. துளசிங்கம் ஏறி வந்து தலையைத் துவட்டிக்கொண்டு, "சிட்டிபாபு, நீ வூட்டுக்குப் போப்பா. நான் நாத்து வுடணும்" என்றார். ஜெபராஜ் காகிதத்தை எடுத்துக் கிழித்துப் போட்டார்.

எல்லாரும் சிரித்துக்கொண்டிருந்தபோது சாராள் மட்டும் வாய்க்காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். மதகிலிருந்து வந்த நுரையில் ஒரு பச்சைத் துண்டு மிதந்து வந்தது. முழம் நீளம்கூட இருக்காது. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பாய்ந்து இறங்கினாள். தண்ணீர் அவளைவிட வேகமாகப் போனது. வரப்போடு ஓடினாள், வழுக்கி விழுந்தாள், எழுந்து மறுபடி ஓடினாள்.

"வுடும்மா, வுடு! ஒரு துண்டு தானே!" என்று துளசிங்கம் கத்தினார்.

வாய்க்கால் அவர் வயலுக்குள் திரும்பும் இடத்தில் குப்புற விழுந்து அதைப் பிடித்துவிட்டாள். முழங்கையிலிருந்து ரத்தம். துண்டைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தபடி மூச்சு வாங்கத் திரும்பி நின்றாள்.

"ஒரு துண்டா? தஞ்சாவூர்லேர்ந்து நான் கொண்டுவந்தது எத்தனைன்னு நினைச்சீங்கண்ணா?" என்றாள். "பதினெட்டே பதினெட்டு."